ஒரு நாளைக்கு ஒரு முறை

எனக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது. வளர்த்தது ஐந்து பேர். பெற்றது மூன்று, தங்கை செத்த பிறகு அவள் விட்டுப்போனது இரண்டு. ஐந்து பேரையும் அடித்து வளர்த்திருக்கிறேன், பொய் சொல்லி வளர்க்கவில்லை. அம்மா எப்போது வரும் என்று தங்கை பிள்ளைகள் கேட்டபோதுகூட, ஊருக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னதில்லை. இனி வரமாட்டாள் என்றுதான் சொன்னேன். இதைத்தான் முதலில் எழுதச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி. பேசுகிற மாதிரியே எழுதாமல் புத்தகத்தில் வருகிற மாதிரி எழுதுகிறேன் என்றாள். எழுதட்டும். சொன்னது மாறாமல் இருந்தால் போதும்.

எனக்கு ஊர் விக்கிரமங்கலம். இப்போது பெரம்பலூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகனுக்கு ஒரு பையன், ஒரு பெண். பையன் வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கம்பெனி வேலை பார்க்கிறான். திருச்சியில் படிக்கும்போது அவன் ஓர் ஆட்டம் கற்றுக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஹாலில் பாய் விரிப்பார்கள். பேரன், பேத்தி, வேப்பந்தட்டையிலிருந்து வண்டியில் வருகிற பேரனின் சிநேகிதன், இவ்வளவு பேர்தான். தாயம் மாதிரிக் கட்டமும் கிடையாது, காயும் கிடையாது. பேச்சுதான் ஆட்டம். பேரன் கதை சொல்லுவான். "குகை வாசல்ல நிக்கிறீங்க, உள்ள என்னமோ உறுமுது, என்ன பண்ணப் போறீங்க?" என்பான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். சிநேகிதன் வாள்வீரன். பேத்தி திருடி. செய்யப்போவதை வாயால் சொல்லிவிட்டு, இருபது முகம் வைத்த பகடையை உருட்ட வேண்டும். எண் பெரிதாக விழுந்தால் நினைத்தது நடக்கும். சிறிதாக விழுந்தால் அடி படும், சாகவும் சாகலாம்.

மூன்று வாரம் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் பொறுக்கவில்லை.

"ஏண்டா, எல்லாரும் முன்வாசல்லயே போயிப் போயி அடி வாங்குறீங்களே, அந்தக் குகைக்குப் பின்னால ஒரு வழி இருக்காதா?"

வேப்பந்தட்டைக்காரன் சிரித்துவிட்டான். "ஆயாவையும் சேத்துக்கடா. நம்மளவிட வெவரமா இருக்காங்க."

எனக்கு மந்திரக்காரி வேஷம் கொடுத்தார்கள். வயதானவளாக வைக்கட்டுமா என்று பேரன் கேட்டான். "முப்பது வயசு வை. முட்டிவலி இல்லாதவளா வை" என்றேன்.

மந்திரக்காரிக்கு ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஓர் அட்டை உண்டு. எல்லா மந்திரத்தையும் யாராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், அதைப் பார்த்துத்தான் ஆட வேண்டும். பேரன் கூரியரில் வரவழைத்திருந்த அட்டைகளில் பொடி எழுத்தில் முழுக்க இங்கிலீஷ். அதனால் பேத்தி பழைய கல்யாணப் பத்திரிகைகளை நாலாக வெட்டி, பின்பக்கத்து வெள்ளையில் ஸ்கெட்ச் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுத்தாள். மந்திரத்தின் பெயர், எவ்வளவு தூரம் போகும், எத்தனை பேரைப் பிடிக்கும், எத்தனை முறை போடலாம். மொத்தம் பன்னிரண்டு அட்டை. நான் எழுத்தைப் பார்க்காமல் பத்திரிகைப் படத்தை வைத்தே அடையாளம் தெரிந்துகொண்டேன். குத்துவிளக்கு இருந்தால் தீ. கிளி இருந்தால் தூக்கம், எதிரி நின்ற இடத்திலேயே தூங்கிவிடுவான். பாதிப் பிள்ளையார் காயம் ஆற்றுவது. யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயர் நடுவில் வெட்டுப்பட்டிருந்த துண்டு கேடயம். எல்லாவற்றையும் வெற்றிலைப் பையிலேயே போட்டு வைத்துக்கொள்வேன். வேண்டியதை எடுத்துப் பேத்தியிடம் நீட்டினால் அவள் உரக்கப் படிப்பாள். தீர்ந்துபோன மந்திரத்தைப் பாயில் ஓரமாகத் தள்ளி வைத்துவிட வேண்டும். அது அந்த ஆட்டத்தின் முறை.

எழுத்தே தெரியாதவள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது வரை போனேன். கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்தால்தான் ஒரு முறை கெட்டேன். அப்பா செத்த மறுவருஷம் என் தம்பி பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனான். "அப்பா பேர்ல இருக்கிற பட்டாவ நம்ம ரெண்டு பேர் பேருக்கும் மாத்துற காயிதம்க்கா" என்று சொல்லி, வரிவரியாக விரல் வைத்துப் படித்தும் காட்டினான். போட்டேன். அது என் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம். ஏரிக்கரை ஓரம் முக்கால் ஏக்கர் போனது. அதற்குப் பிறகு மூத்தவனின் ஒண்ணாவது பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும். இந்தக் கதையை நான் நிறையப் பேரிடம் சொன்னதில்லை. பேத்தியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அழுதாள். அதனால்தான் ஆட்டத்தில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. அவள் வாய் இருக்கும்போது என் கண் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஆடினேன் பாருங்கள், அப்படி ஆடினேன். முதல் மாதம் ஒரு முறை சாகக் கிடந்து பிழைத்தேன். அதன் பிறகு என்னைத் தொட ஆளில்லை. ஒரே பகலில் மூன்று முறை தீயை விட்டுப் பாலத்தில் வந்த கூட்டத்தைச் சாம்பலாக்கினேன். ஒரு கோட்டையின் காவல்காரர்கள் அத்தனை பேரையும் தூங்க வைத்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிடந்த வாள்வீரனை இந்தப் பக்கம் நின்றபடியே எழுப்பி விட்டேன். கீழப்பழுவூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோது, பந்தியில் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னேன். "இந்த வயசுல புள்ளைங்களோட ஆடி ஒரு தடவகூட தோக்கலயா?" என்று வாயைப் பிளந்தார்கள். பேத்தி எதிர்வரிசையில் இருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

ஒரு வியாழக்கிழமை ஜெயங்கொண்டம் போய்விட்டு பஸ்ஸில் வரும்போது, தண்ணீர் பாட்டில் மூடி சரியாக இறுகாமல் வெற்றிலைப் பை நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் பன்னிரண்டு அட்டையையும் பரப்பி, காற்றில் போகாமல் அட்டைக்கொரு கல் வைத்தேன். மை கலைந்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி போட்டேன். உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தோம் என்று குத்துவிளக்கு அட்டையை எடுத்து எழுத்துக் கூட்டினேன்.

ஒரு நாளைக்கு ஒரு முறை.

எனக்குத்தான் சரியாக வரவில்லை என்று மறுபடி கூட்டினேன். அதேதான் வந்தது. கிளி போட்டதை எடுத்தேன். ஒருவரை மட்டும் என்று இருந்தது. பாதிப் பிள்ளையாரில், கையால் தொட்டால் மட்டும் என்று இருந்தது. வெயில் ஏறி முதுகு எரிகிற வரை உட்கார்ந்து பன்னிரண்டையும் படித்தேன். ஒன்றுகூட அவள் எனக்குப் படித்துக் காட்டியபடி இல்லை. எழுதும்போது சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். பிறகு திருத்தி எழுதக்கூட இல்லை. நான் படிக்கமாட்டேன் என்று அவ்வளவு நிச்சயம்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஒரு நப்பாசை. ஆட்டத்தில் ஏதாவது வேறு முறை இருக்கும், அதைத்தான் அவள் சேர்த்துச் சொல்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேரனின் கதையில், தண்ணீர் தேங்கிய பழைய சுண்ணாம்புக்கல் குழிக்குள் ஒரு நாகம். எடுத்த எடுப்பில் வாள்வீரனை அடித்துச் சாய்த்துவிட்டது. நான் தீயை விட்டேன். பகடையில் பதினேழு. நாகத்துக்கு ஒரு பக்கம் வெந்தது. குத்துவிளக்கு அட்டையைப் பேத்தியிடம் நீட்டினேன்.

"இத இன்னொரு தரம் போடலாமா, படிச்சுச் சொல்லு."

"போடலாம் அப்பத்தா. மூணு தடவன்னு இருக்கு."

"எங்க இருக்கு?"

"இந்தா, கடைசியில."

"வெரல் வச்சுப் படி."

வைத்தாள். 'ஒரு முறை' என்கிற எழுத்தின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு, "ஒரு நாளைக்கு மூன்று முறை" என்று படித்தாள். குரல் பிசிறவில்லை. என் தம்பி படித்ததும் இப்படித்தான்.

"நல்லாப் பாரு சாமி."

"மூணுதான் அப்பத்தா, போடுங்க."

"அதுல மூணு இல்ல. ஒண்ணுதான் இருக்கு" என்றேன். "பன்னெண்டையும் மாடியில வச்சுப் படிச்சுட்டேன்."

அவள் விரலை எடுக்கவே இல்லை. பேரன்தான் வாயைத் திறந்தான்.

"வெளையாட்டுதான அப்பத்தா…"

"வெளையாட்டுன்னா அதுக்கு ஒரு மொற உண்டுல்ல? நீதான சொல்லிக் குடுத்த?"

"முதல்ல ஒரு தடவ சாகப் போனீங்க. அன்னைக்குப் பூரா சாப்பிடாம படுத்துட்டீங்க. அம்மா எங்கள ஏசுச்சு. அதான் இனிமே ஒங்கள சாகவிட வேணாம்னு…"

"தோத்தவ சாப்பிடாமப் படுப்பா. மறுநா எந்திரிச்சு கஞ்சி குடிப்பா. அது என் பாடு. ஒன்ன யாரு கேட்டா?"

வேப்பந்தட்டைக்காரன் குறுக்கே வந்தான். "ஆயா, அந்தப் புள்ளைய மட்டும் ஏசாதீங்க. மூணு பேருந்தான் பேசி வச்சோம்."

"நீயுமாடா? அதிரசம் திங்கிறப்ப மட்டும் ஆயா, ஆயான்னு வாய் ஓயாது. ஆத்தங்கரையில செத்த மாதிரிக் கெடந்து நடிச்சியே, அப்ப ஒனக்குச் சிரிப்பு வரல?"

அவன் குனிந்துகொண்டான்.

பேரன் எப்போதும் ஒரு சேலைப் பெட்டி மூடியை நிறுத்தி வைத்து, அதற்குப் பின்னால்தான் தன் பகடையை உருட்டுவான். கதை சொல்கிறவன் அப்படி மறைத்துத்தான் உருட்டுவான் என்று சொல்லியிருந்தான். அதைக் காட்டிக் கேட்டேன். என்னை அடிக்க வருகிற எதிரிக்குப் பெரிய எண் விழுந்தால் குறைத்துச் சொன்னதாக ஒப்புக்கொண்டான்.

"மூடிய எடு. இனிமே பாய் மேல உருட்டு. எழுதியிருக்கிறபடி ஆடு" என்றேன்.

"அப்பத்தா, எழுதினபடி ஆடினா ஒங்களுக்குத் தீ கெடையாது. மேல ஏறி ஓடிடுங்க. நாகம் தொரத்தாது, நான் சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவன் அடிபட்டுக் கெடக்கிறான். தொட்டாத்தான் காயம் ஆறும்னு எழுதியிருக்கு. போயித் தொடப் போறேன்."

பாதிப் பிள்ளையாரை எடுத்துப் பாயில் வைத்தேன். வாள்வீரனிடம் போய்ச் சேர நான் உருட்டியதில் நான்கு விழுந்தது. பாதி வழியில் தண்ணீருக்குள் நின்றேன். நாகத்துக்குப் பேரன் உருட்டினான். பத்தொன்பது. எல்லார் கண் முன்னாலும் கிடந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுடா."

"செத்துட்டீங்க அப்பத்தா."

அத்தனை மாதத்தில் அந்தப் பாயில் உட்கார்ந்து எனக்கு ஒருவன் சொன்ன முதல் நிஜம் அதுதான். பன்னிரண்டு அட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பேத்தியின் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். முட்டி வலித்தது.

அதற்குப் பிறகு நான் பாயில் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவேன். செத்தது எனக்கு ஒன்றுமில்லை. தாயத்தில் ஆயிரம் காய் வெட்டுப்பட்டிருக்கிறேன், வெட்டியும் இருக்கிறேன். சின்னப் பிள்ளை என்றோ கர்ப்பிணி என்றோ பார்த்து ஒருத்திக்கும் ஒரு காயை விட்டுக்கொடுத்ததில்லை. எதிரில் உட்கார்ந்தவளுக்கு அதுதான் மரியாதை. பாலமும் கோட்டையும் என்னுடையவை என்று நினைத்திருந்தேன். பந்தியில் உட்கார்ந்து பெருமை பேசினேனே, அதை இனி எப்படித் திருப்பி எடுப்பது? கீழப்பழுவூர்க்காரர்கள் இன்றைக்கும் போனில், "இந்த வாரம் எத்தன பேர எரிச்சீங்க?" என்று கேட்கிறார்கள்.

பாசத்தில் செய்தோம் என்கிறாள் பேத்தி. இருக்கலாம். தம்பியும் என்மேல் பாசமாகத்தான் இருந்தான். தம்பி கதை பேரனுக்குத் தெரியாது, வேப்பந்தட்டைக்காரனுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும். தெரிந்தும், விரல் வைத்துப் படித்தாள்.

போன வாரம் என் கட்டிலருகே வந்து நின்று, "புதுசா ஒரு மந்திரக்காரி போடலாம் அப்பத்தா, இந்தத் தடவ எழுதினபடிதான்" என்றாள். கையில் புது அட்டைகள் வைத்திருந்தாள். அவற்றை நான் வாங்கவில்லை. "மொதல்ல நடந்தத நான் சொல்றேன், நீ எழுது. அப்பறம் பாக்கலாம்" என்றேன். நாலு நாளாக எழுதுகிறாள். விரல் வைத்த இடம் வந்தபோது பேனா நின்றது. "இத எழுதணுமா அப்பத்தா?" என்றாள். எழுது என்றேன்.

சொல்ல வேண்டியது முடிந்தது. நோட்டு அவள் கையில் இருக்கிறது, கண்ணாடி என் மடியில் இருக்கிறது.

"மொதல் வரியிலேருந்து படி சாமி. வெரல் வச்சுப் படி."