சொர்ணம் அக்காவும் பீடிக் கொட்டகைப் பாட்டு கிளாஸும்

நனைத்த பீடி இலையின் வாசனை. அதற்கு மேல் மூக்கைக் குத்தும் புகையிலைத் தூள்...

தென்காசிப் பக்கத்துக் குத்துக்கல்வலசையில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் முதல் நாள் நுழைந்ததும் ஏழெட்டுத் தும்மல் போட்டேன். பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. சங்கீதப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டுத் தென்காசியில் வீட்டில் சும்மா இருந்தேன். மாதர் சங்கத் தலைவியம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"நம்ம சங்கீதம் நாலு வீட்டுக்குள்ளயே கெடக்கு. வேல செய்யுத பொம்பளைகளுக்கும் போய்ச் சேரணும். நீ போயிச் சொல்லிக் குடு."

வாரம் இரண்டு நாள், மத்தியானம். இலவச கிளாஸ். மடியில் சொளவு என்கிற முறம், கையில் இலையும் தூளும். கை அது பாட்டுக்குச் சுற்றும், வாய் சரளி வரிசை சொல்லும். இலை வெட்டும் கத்தரிச் சத்தத்தில் என் சுருதிப்பெட்டி எனக்கே கேட்காது.

அதில் ஒரு குரல் மட்டும் தனியாகத் தெரிந்தது. சொர்ணம் அக்கா. முப்பது வயதிருக்கும். நான் மூச்சுக் கட்டி ஏறுகிற மேல் ஷட்ஜத்தில் அவள் சாதாரணமாகப் போய் நின்றாள்.

"யாருக்கா சொல்லிக் குடுத்தா?"

"எவ சொல்லித் தந்தா டீச்சர்... எழவு வீட்டுல எங்கம்மா பாடுவா. கூட இருந்து கேட்டது. இப்ப எங்க பக்கம் யாரு செத்தாலும் என்னத்தான் கூப்பிடுதாவ. ஒண்ணு பாடட்டா?"

"ஐயோ, அதெல்லாம் இங்க வேண்டாம்க்கா. நாம நல்ல பாட்டாப் படிப்போம்."

சொர்ணம் அக்கா சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து அடுத்த இலையை எடுத்தாள். பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த மைமூன், என் வயதுக்காரி, "பாடட்டுமே டீச்சர்" என்றாள். நான் கேட்காத மாதிரி சுருதிப்பெட்டியைத் திறந்தேன்.

இரண்டாவது வருஷம் சொர்ணம் அக்காவின் குரல் உடைய ஆரம்பித்தது. பாட்டுக்கு நடுவில் இருமல். புகையிலைத் தூளில் எல்லாருக்கும்தான் இருமல் வரும். நான் சாதகம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆடி மாதம், குற்றாலத்தில் சீசன் நேரம், ஒரு பந்தல் போட்டு எங்கள் கிளாஸைப் பாட வைக்கத் தலைவியம்மா ஏற்பாடு செய்தார். வெளியூர்ப் பெரிய மனிதர்களெல்லாம் வருகிறார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் ஒத்திகை. சொர்ணம் அக்காதான் மேல் ஸ்தாயியை எடுக்க வேண்டும்.

"நெஞ்சு வலிக்குது டீச்சர். வேற யாரையாச்சும் எடுக்கச் சொல்லுங்களேன்."

"உங்கள விட்டா யாருக்குக்கா வரும்? பயப்படாம எடுங்க."

"சரி... எடுக்கேன்."

சாரல் விழுந்துகொண்டிருந்தது. எல்லாரும் ஈரத்தலையோடு நின்றார்கள். அந்த இடம் வந்ததும் சொர்ணம் அக்கா எடுத்தாள். சுத்தமாக நின்றது. பந்தலில் கைதட்டல் விழுந்தபோது அவள் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். மஞ்சள் சேலை... ரத்தம் நன்றாகத் தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுட்டது.

"யார்ட்டயும் சொல்லிராதீங்க டீச்சர். தெரிஞ்சா கொட்டகைக்குள்ள விடமாட்டாவ. மூணு பிள்ள இருக்கு எனக்கு."

"சொல்லலக்கா" என்றேன். சொல்லவில்லை. டாக்டரிடம் போங்கள் என்றுகூட அழுத்திச் சொல்லவில்லை. கிளாஸை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அதுதான் நிஜம்.

ஐப்பசி மழை முழுக்க அந்தக் கொட்டகையில் தட்டியை இறக்கிவிட்டு எல்லாரும் நெருக்கி உட்கார்ந்து பாடினோம். சொர்ணம் அக்கா உதட்டை மட்டும் அசைப்பாள். கார்த்திகையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊசி போட்டால் கேட்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றார்களாம். பத்தாம் நாள் உடம்புதான் வந்தது.

அவள் வீட்டு வாசலில் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி ஆரம்பித்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நாலு வரி போனதும் நின்றுவிட்டது.

"பெறவு என்னட்டி?"

யாருக்கும் தெரியவில்லை. "எப்பவும் அவதான எடுத்துக் குடுப்பா..." என்று ஒருத்தி வாய்விட்டு அழுதாள்.

ஒரு வயசாளி என்னைப் பார்த்து, "பாட்டு டீச்சர்தான... நீங்க பாடுங்கம்மா" என்றாள்.

எனக்கு நூறு பாட்டுக்கு மேல் தெரியும். ஒன்றுகூட சொர்ணம் அக்காவுக்கானது இல்லை.

வெளியே வரும்போது மைமூன் கேட்டாள்: "அக்காவுக்கு டி.பி.ன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா டீச்சர்?"

"தெரியாது" என்றேன்.

அடுத்த வருஷம் மைமூனுக்கு இருமல் வந்தது. அவளை நேரத்தோடு கூட்டிக்கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டாள். குரல் மட்டும் திரும்பவில்லை. நான் தூரத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

இப்போது தென்காசியில் எத்தனையோ பாட்டு கிளாஸ், டான்ஸ் கிளாஸ். ஒவ்வொரு குழந்தை பாடுவதையும் பத்து போன் பதிவு செய்கிறது. எந்தப் பாட்டையும் யாரும் தொலைக்க வேண்டியதில்லை. அந்த நோய்க்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. பார்க்கும்போது நிறைவாகத்தான் இருக்கிறது. பொறாமையாகவும் இருக்கிறது.

மைமூன் இன்னும் குத்துக்கல்வலசையில்தான் இருக்கிறாள். பேரன் போனில் வருவதையெல்லாம் வாசித்துக் காட்டுவானாம். இதையும் வாசிப்பான்.

மைமூன்... எனக்குத் தெரியும். முன்னாலேயே தெரியும்.