வாய் திறந்த ரைஸ் குக்கர்

கட்டுரை டியூஷன் எடுப்பவருக்கு இரண்டே பயம்: பிள்ளை எழுதாவிட்டால் பயம், எழுதிவிட்டால் அதைவிடப் பயம். வீட்டு ஹாலில் பாய் விரித்துப் பாடம் சொல்லித்தரும் தோழிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவள் எழுவதற்குள் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

கான்வெண்ட் தமிழ்

பாப்பா பிறந்ததும் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே தமிழ்க் கட்டுரை வகுப்பு தொடங்கினேன். நான் படித்ததோ கான்வெண்டில். தமிழ், சனிக்கிழமை வகுப்பில் முட்டிமோதிக் கற்றது. இந்த ரகசியம் எப்படியோ லிஃப்ட் ஏறி மேல்மாடிக்குப் போய்விட்டது. அங்கிருந்து செல்வி அக்கா இறங்கி வந்தார். அவர் மகள் கவினா என்னிடம் படிக்கிறாள், படிவம் மூன்று. எங்கள் புளோக்கில் செல்வி அக்கா பிள்ளையை எந்த டியூஷனுக்கு அனுப்புகிறாரோ, மற்றவர்களும் அங்கேதான் அனுப்புவார்கள். அவர் நிறுத்தினால் என் வகுப்பே காலி. பிறகு பாப்பாவை யாரிடமோ விட்டுவிட்டு நான் மறுபடியும் கொமுட்டர் ரயில் ஏற வேண்டியதுதான். என் இடுப்பிலிருந்து பாப்பா அவருடைய கைப்பையைப் பிடித்து இழுக்க, அவர் சொன்னார்:

“கோவிச்சுக்காதீங்க டீச்சர், எப்பப் பாத்தாலும் இவ ‘பி’தான் வாங்குறா. இந்தப் பரீட்சையில ‘ஏ’ வரலைன்னா நான் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வேற டியூஷன் பாத்துக்கிறேன்லா.”

பாசார் மாலாமில் சூரியன்

அந்த வாரத் தலைப்பு, ‘இரவுச் சந்தையில் தீ’. இரவுச் சந்தைக்கு எங்கள் ஊரில் பாசார் மாலாம் என்று பெயர். என்னிடம் படிக்கும் அஷ்வின் எழுதியிருந்தான்: ‘சேவல் கூவியது. கதிரவன் தன் பொற்கரங்களை விரித்தான். பறவைகள் இன்னிசை பாடின. நான் பாசார் மாலாமுக்குக் கிளம்பினேன்.’ ஒற்றுகூடப் பிழையில்லை. சேவலுக்குத்தான் நேரம் தப்பிவிட்டது. மற்றவர்களுடையதைப் புரட்டினால் அங்கேயும் அதே சேவல், அதே பொற்கரம்! எல்லாம் மனப்பாடம் செய்த அழகிய தொடக்கம். எங்கள் புளோக்கில் ஏது சேவல்? விடியற்காலையில் கூவுவது பள்ளி பஸ்ஸின் ஹாரன்தான். “அப்பம் பாலேக் கடையில் என்ன வாசம் வந்தது, புகையைப் பார்த்து முதலில் கத்தியது யார், அதை எழுதுடா” என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“சூரியன் வரலைன்னா மார்க் வராதுலா, டீச்சர்!”

எல்லாச் சாலையும் குப்பைத்தொட்டிக்கே

அடுத்தது தன்கதை. ‘நான் ஒரு குடை’, ‘நான் ஒரு காலணி’, ‘நான் ஒரு பள்ளிப்பை’. மூன்றும் சீனாவில் பிறந்து, பேரங்காடியில் விலைபோய், கடைசியில் குப்பைத்தொட்டியில் கிடந்து கண்ணீர் வடித்தன. கவினாவின் குடையும் அங்கேதான் கிடந்தது. பத்தி சரி, வாக்கியம் சரி. பெயரை மறைத்துவிட்டால் யார் எழுதியது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அந்த ‘பி’ அங்கேதான் குந்திக்கொண்டிருந்தது.

மனப்பாடத் தொடர்கள் அத்தனைக்கும் தடை போட்டேன். பெற்றோர் கேள்விப்பட்டால் என் கதி என்ன என்று அப்போதே தெரியும். “உன் வீட்டில் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள். அது தினமும் எதைப் பார்க்கிறது? யாரைக் கண்டால் நடுங்குகிறது? அதை எழுது. குப்பைத்தொட்டிக்கு மட்டும் போகாதே” என்றேன். கவினா பேனாவைக் கடித்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“நெசமாவே எல்லாத்தையும் எழுதலாமா, டீச்சர்?”

நான் ஒரு ரைஸ் குக்கர்

பரீட்சையிலும் தன்கதையே வந்தது. கவினா எழுதியதைப் பள்ளி ஆசிரியை வகுப்பில் வாசித்துக் காட்டியதோடு நிற்காமல், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். ஒரு மாணவனின் அம்மா எனக்கு அனுப்பிவைத்தார். படித்தேன்: ‘அரிசி கழுவும் கையை வைத்தே வீட்டின் வானிலையைச் சொல்வேன். அம்மா சிரித்தால் சோறு பூப்போல இருக்கும். அப்பாமேல் கோபம் என்றால் தண்ணீர் குறையும். அன்று அப்பா ஒன்றும் பேசாமல் மெல்லுவார். இருவரும் சமாதானமானால் எனக்குத்தான் முதலில் தெரியும். அம்மா தண்ணீரை அளக்க மறந்துவிடுவார். நான் குழைந்துபோவேன்.’

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: செல்வி அக்காவும் அந்தக் குழுவில் இருக்கிறார். பாதி புளோக்கே இருக்கிறது! மறுநாள் கதவு தட்டப்பட்டது. பாப்பாவைக் கேடயம்போல் தூக்கிப் பிடித்துக்கொண்டு திறந்தேன். செல்வி அக்கா விடைத்தாளும் கையுமாக நின்றார். மேலே சிவப்பு மையில் ‘ஏ’. முகத்தில் சிரிப்பே இல்லை. “அக்கா, மன்னிச்சிருங்க, நான்தான்...” என்று இழுத்தேன். அவர் உதடு துடித்தது. அப்புறம் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு! என்னவென்றே தெரியாமல் பாப்பாவும் கெக்கலித்தாள்.

“அத்தனையும் உண்மைதான், டீச்சர். அடுத்த வாரம் என் தங்கச்சி மகனையும் கூட்டிட்டு வரேன். ஆனா ஃபிரிட்ஜ் கதை மட்டும் வேணாம்லா, அது வாயத் தொறந்துச்சுன்னா என் மாமியாருக்கு எல்லாம் தெரிஞ்சிரும்!”

வகுப்பு பிழைத்துவிட்டது, எங்கள் புளோக்கில் இப்போது என்னைவிடப் பயந்தவர்களும் இருக்கிறார்கள்: கட்டுரை வகுப்புக்கு முந்தின நாள் யாரும் அடுப்படியில் நின்று சண்டை போடுவதில்லையாம்.