குந்தியிருக்கும் இடத்துக்கு இரண்டு பேர்

ஒரு கோடைகாலம் முழுக்க என்னையும் ஒரு நியூபவுண்ட்லாந்துப் பொடியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்த்தார்கள். யாருடைய கை நல்லது, யாருடைய தோள் நல்லது, யார் விரைவாக எழும்புவான் என்று கனடாவில், ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் ஒரு ஜன்னல் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் தினமும் பேச்சு நடந்தது. நான் அதே மேசையின் ஓரத்தில் தலையைக் குனிந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அதுவரைக்கும் என்னை எவரோடும் ஒப்பிட்டு எவரும் எதுவும் பேசியதில்லை. கூச்சமாக இருந்தது. ஆனால் ஒரு நாளும் மேசையை மாற்றவில்லை.

நகரத்து பேஸ்போல் அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்றிருந்த காலம் அது. விளையாட்டு விளங்காதவர்களும் தொப்பி போட்டுத் திரிந்தார்கள். எங்கள் தொழிற்சாலையில் இரண்டு அணிகள் இருந்தன. உண்மையில் பந்து கொஞ்சம் பெரிது, எறிகிறவர் கையைக் கீழால் சுழற்றித்தான் எறிவார். ஆனாலும் நாங்கள் அதைப் பேஸ்போல் என்றுதான் சொன்னோம். முதல் அணி மற்றத் தொழிற்சாலைகளோடு லீக்கில் ஆடும். அதில் இடம் கிடைக்காதவர்களும் புதிதாகப் பழகுகிறவர்களும் இரண்டாவது அணி. மேலே ஒருவர் விலகினால் கீழே இருந்து ஒருவரை எடுப்பார்கள். இரண்டுக்கும் பொறுப்பு, இயந்திரம் திருத்தும் வயதான இத்தாலியர் ஒருவர். எல்லோரும் அவரைக் கோச் என்று கூப்பிட்டார்கள்.

எங்கள் ஆட்கள் ரொறன்ரோவில் விளையாடாமல் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காக்களில் கிரிக்கெட் நடக்கும். ஆனால் அணிகள் எல்லாம் பழைய மாணவர் சங்கங்கள். யாழ்ப்பாணத்தில் எந்தக் கல்லூரியில் படித்தாயோ அந்தக் கல்லூரிக்குத்தான் இங்கேயும் ஆடுவாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று கடைக்குப் போனவன். என் பள்ளிக்கூடத்துக்கு இங்கே சங்கம் இல்லை. இருந்திருந்தாலும் ஐந்தாம் வகுப்போடு போனவனைப் பழைய மாணவன் என்று சேர்ப்பார்களோ தெரியாது. யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. எந்தப் பக்கம் போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை. எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று, உருண்டு வருகிற பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஜன்னல் தொழிற்சாலையின் அணியில் சேர, அங்கே வேலை செய்தால் போதும்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவன், என்னோடு கண்ணாடி வெட்டும் பகுதியில் நின்ற ஒரு தம்பி. பெரிய கல்லூரி ஒன்றின் பழைய மாணவன், வாய் ஓயாதவன். தனக்குப் பொழுதுபோகவில்லை என்றுதான் இரண்டாவது அணியில் சேர்ந்திருந்தான். நான் ஒரு நாள் விழப்போன கண்ணாடித் துண்டை எட்டிப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, அண்ணை எங்கேயோ கீப்பராக நின்றிருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டான். அது சரிதான். கொழும்பில் புடவைக்கடையில் நின்றபோது, கடை பூட்டிய ஞாயிறு பின்னேரங்களில் சிப்பந்திகள் எல்லோரும் சேர்ந்து ஒழுங்கைக்குள் ரெனிஸ் பந்தில் ஆடுவோம். பின்னால் ஒரு திறந்த சாக்கடைக் கான். பந்தை விட்டால் கானுக்குள் இறங்குவது பின்னால் நிற்பவன்தான். அதனால் நான் எதையும் விடாமல் பிடிக்கப் பழகியிருந்தேன்.

பேஸ்போலில் அடித்தவன் மூன்று பேஸ்களைச் சுற்றி ஓடி, அடித்த இடத்துத் தட்டுக்கே திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவனைக் கட்சர் என்பார்கள். அந்த இடத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் குறைவு. முழங்கால் போகும், பந்து நெஞ்சில் அடிக்கும். எனக்கோ அது செய்துவைத்த இடம் போல இருந்தது. முகத்துக்குக் கம்பி மூடி போடலாம். மூடியைப் போட்டால் யார் பார்த்தாலும் என் முகம் தெரியாது. வந்த பந்தை எல்லாம் பிடித்தேன்.

ஆனால் இரண்டாவது அணியில் ஏற்கெனவே ஒரு கட்சர் இருந்தான். அவன்தான் கனடாவின் கிழக்கு ஓரத்துத் தீவில் இருந்து வந்த அந்த நியூபவுண்ட்லாந்துக்காரன். பாரம் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன், இருபத்தைந்து வயது இருக்கும், கதவு அகலத்துக்குத் தோள். பந்தை இரண்டாம் பேஸுக்கு எறிந்தால் நூல் பிடித்த மாதிரிப் போகும். சண்டை சச்சரவு தெரியாத சிரித்த முகம். கோச் ஒரு கிழமை அவனையும் மறு கிழமை என்னையும் மாற்றி மாற்றிப் போட்டார்.

ஆடி மாதம் போல ஒரு செய்தி வந்தது. முதல் அணியின் கட்சர் அல்பேர்ட்டாவுக்கு வேலை மாறிப் போகிறான், எங்கள் இருவரில் ஒருவர் மேலே போவார். அன்றிலிருந்து சாப்பாட்டு அறை இரண்டாகப் பிரிந்தது. தம்பி என் பக்கம். அவனுக்கு எதிரில் பெட்டி கட்டும் பகுதியில் வேலை செய்த மன்னார்க்காரர் ஒருவர், எங்கள் இருவருக்கும் மூத்தவர், அந்தப் பொடியன் பக்கம்.

"அண்ணைக்குக் கை இருக்கு, அவனுக்குத் தோள் இருக்கு. கீப்பருக்கு எது முக்கியம்? கைதானே," என்றான் தம்பி.

"முழங்கால்," என்றார் மன்னார்க்காரர். "உவர் குந்தினால் தூக்கி எழுப்ப ஒரு கிறேன் வேணும்."

பொடியன் அடிக்கும் அடியைப் பற்றி அவர் சொல்வார். அண்ணை இதுவரை ஒரு பந்தையும் பின்னால் விடவில்லை என்று தம்பி சொல்வான். பொடியன் போன கிழமை விட்டதை இவன் எண்ணுவான். அண்ணை எறிந்தது இரண்டாம் பேஸுக்குப் போக முதல் ஓடுகிறவன் தேத்தண்ணி குடித்துவிட்டும் போகலாம் என்று அவர் சொல்வார். ஊரில் இரண்டு கல்லூரிகளின் ஆட்டத்துக்கு முதல் நாள் எப்படிப் பேசுவார்களோ அப்படி. பொடியனும் சில நாள் எங்கள் மேசைக்கு வந்து, என்ன சொல்கிறார்கள் என்று என்னிடம் கேட்பான். உன் தோள் நல்லது என்கிறார்கள் என்பேன். அது பொய் இல்லை.

எனக்கு அந்த இடம் வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு வேண்டியிருந்தது. வேலையில் கண்ணாடியை வெட்டிக்கொண்டிருக்கும்போதே அதைத்தான் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் பெரிய குறை வெளியே வந்தது. இன்னொரு தொழிற்சாலையின் இரண்டாவது அணியோடு ஆட்டம். அந்த விளையாட்டில் ஓடி வருகிறவனை, சில வேளைகள் தவிர, பந்து உள்ள கையால் உடம்பில் தொட்டால்தான் அவுட். எனக்கு அது சொல்லித் தந்ததுதான். புத்திக்கு விளங்கியது கைக்கு விளங்கவில்லை. பந்தை எடுத்தால் விக்கெட்டைத் தட்டியே பழகிய கை. பந்து நேராக வந்து என் கையுறையில் விழுந்தது. ஓடி வருகிறவன் இன்னும் தூரத்தில். நான் குனிந்து, தரையில் பதித்திருந்த வெள்ளைத் தட்டைப் பந்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அலுவல் முடிந்தது என்று நிமிர்ந்து நின்றேன். அவன் என்னைக் கடந்து ஆறுதலாக நடந்து வந்து தட்டை மிதித்தான். போகும்போது நன்றியும் சொன்னான். அந்த ஓட்டத்தால் தோற்றோம்.

கிரிக்கெட் பழக்கம் மட்டும் காரணம் இல்லை. முன்பின் தெரியாத மனிதன் ஒருவனை நெஞ்சில் கை வைத்துத் தொடுவது எனக்கு வராத காரியம். பஸ்ஸில் நெரிசல் என்றால் இறங்கி அடுத்த பஸ்ஸில் வருகிறவன் நான்.

கோச் என்னைத் தனியே கூப்பிட்டார். எனக்கு விளங்கட்டும் என்று கையாலும் பேசினார். உன் கை எனக்குப் பிடிக்கும், ஆனால் ஆளைத் தொடாத கட்சரை மேலே அனுப்ப முடியாது என்றார். அடுத்த சனிக்கிழமை முதல் அணியோடு இரண்டாவது அணி ஆடும், அதில் இருவரையும் பார்த்து முடிவு சொல்வதாகவும் சொன்னார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். எங்களுடைய அபார்ட்மென்ட் சமையலறைக்கும் முன்கதவுக்கும் இடையில் ஒரு ஒடுங்கிய நடை. நீர் கதவில் இருந்து ஓடி வாரும், நான் தொடுகிறேன் என்றேன். அவள் சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். நான் பந்தை அவளுடைய தோளில் வைத்தேன்.

"கரண்டுக் கம்பியைத் தொடுற மாதிரித் தொடுறியள்," என்றாள். "நான் உங்கடை மனிசி. எனக்கே இப்பிடியெண்டால் அவங்களை என்ன செய்யப்போறியள்?"

அடுத்த முறை அவள் வேகமாக வந்தாள். அதற்கடுத்த முறை, நீங்கள் தடுக்காவிட்டால் அடுப்பில் போய் மோதுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் கிழமை ஒவ்வொரு பின்னேரமும் சமையலுக்கு முன் இதுதான் வேலை. கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் மேலே வந்து கதவைத் தட்டினார். அவள் கதவைத் திறந்து, மனிசன் பேஸ்போல் பழகுகிறார் என்று தமிழிலேயே விளக்கம் சொல்லி அனுப்பினாள்.

சனிக்கிழமை அஜின்கோர்ட் பக்கத்துப் பூங்காவில் ஆட்டம். முதல் பாதி பொடியன் இரண்டாவது அணியின் கட்சர். இரண்டாம் பாதி நான் அந்த இடத்துக்கு வர, அவனை முதல் அணிக்கு ஆடவிட்டார் கோச். பொடியன் தன் பாதியில் நன்றாகவே செய்தான். பந்தை அடிக்க முன்னமே அடுத்த பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடிய இருவரை இரண்டாம் பேஸுக்கு எறிந்தே பிடித்தான். மன்னார்க்காரர் வாங்குப் பலகையில் இருந்து எழும்பி என்னைப் பார்த்தார். அவருக்கே என்மீது இரக்கம் வந்துவிட்டது.

என் பாதியில் நான் ஒன்றையும் விடவில்லை. மட்டையில் உரசி மேலே எழும்பிய பந்து ஒன்றை வேலிக் கம்பிக்குப் பக்கத்தில் முதுகால் விழுந்து பிடித்தேன். கானுக்குள் விடக் கூடாது என்ற ஓட்டம் அது. தம்பி கத்தினான். ஆனால் கோச் எதற்குக் காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

கடைசி இன்னிங்ஸில் நாங்கள் ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றோம். பொடியன் மூன்றாம் பேஸில் நின்றான். அடித்த பந்து வலப்பக்கத்து வெளி மைதானத்துக்குப் போனது. அங்கே நின்ற தம்பி அதை ஒரு துள்ளலில் எடுத்துக் கையோடு எறிந்தான். பொடியன் புறப்பட்டு வந்தான். அந்தத் தோள்கள் என்னை நோக்கி வர, பின்னால் இருந்த பூங்காவே மறைந்து போனது. பந்து வந்து கையுறைக்குள் இறங்கியது. கீழே வெள்ளைத் தட்டு. கை அதை நோக்கிப் போகப் பார்த்தது, எனக்கே தெரிந்தது.

"ஆளைத் தொடுங்கோ அண்ணை!" என்று தூரத்தில் இருந்து தம்பி கத்தினான்.

கையைத் தட்டுக்குப் போகவிடவில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்து, இரண்டு கையாலும் பந்தை அவனுடைய நெஞ்சின் நடுவில் வைத்தேன். வைத்தேன் என்று சொன்னாலும் அது இடிதான். இருவரும் சேர்ந்து விழுந்தோம். முகமூடி எங்கேயோ பறந்தது. வாய்க்குள் மண். கையுறையைத் திறந்து பார்த்தேன், பந்து உள்ளேதான் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டினேன். நடுவர் கையை உயர்த்தி அவுட் என்றார்.

பொடியன் மல்லாந்து கிடந்தபடியே சிரித்தான். என்னைக் கொல்லப் பார்த்தாயே என்றான். பிறகு எழும்பி என்னை ஒரு கையால் தூக்கி நிறுத்தி, முதுகில் அடித்தான். அந்த அடி, விழுந்ததைவிட நொந்தது.

கோச் அங்கேயே, மண்ணைத் தட்டிக்கொண்டு நின்ற எங்கள் முன்னாலேயே முடிவைச் சொன்னார். கட்சர் நான். பொடியனின் அடி தேவை என்று அவனையும் முதல் பேஸுக்கு எடுத்துக்கொண்டார். மன்னார்க்காரர் கிட்ட வந்து கையைக் கொடுத்தார்.

"கிறேன் வேண்டாம் போல," என்றார்.

லீக்கில் என் முதல் ஆட்டம் ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம். மனைவி வந்திருந்தாள். தம்பி தன் பழைய மாணவர் சங்கத்தில் பாதிப்பேரைக் கூட்டி வந்திருந்தான். அவர்களுக்கு விளையாட்டு பாதிதான் விளங்கியது. ஆனாலும் ஒவ்வொரு பந்துக்கும் தமிழில் சத்தம் போட்டார்கள். நான் முகமூடியைப் பந்துக்குப் பந்து கழற்றிக் கழற்றிப் போட்டேன். நல்லாய்ப் பார்க்கட்டும் என்றிருந்தது. இரண்டு பேரைத் தொட்டு அவுட் ஆக்கினேன். வென்றோம்.

மனைவியும் நானும் பஸ்ஸில் வந்தோம். முதல் அணியின் சட்டையை நான் கழற்றவில்லை. குளிர் தொடங்கியிருந்தும் மேலே ஒன்றும் போடவில்லை. முன்புறம் முழுக்கச் சிவப்பு மண். பஸ் ஓட்டுகிற பெண் சட்டையைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வென்றீர்களா என்று கேட்டாள். முந்தியென்றால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பின்னால் போயிருப்பேன். நான் அவளுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, வென்றோம் என்றேன். அவள் கேட்காமலே, நான்தான் கட்சர் என்றும் சொன்னேன்.