மஸ்கட்டிலிருந்து வந்த இரண்டு ரீல்கள்

கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்து திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், ஏழுமலை என் வீட்டு கேட்டைத் தட்டினார். வேங்கிக்காலில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். மஸ்கட்டில் பல வருஷம் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியவர். வழியில் பார்த்தால் வணக்கம் வைப்போம். அவ்வளவுதான் பழக்கம்.

கையில் துண்டில் சுற்றிய பொட்டலம். பிரித்தார். தூண்டில் ரீல்!

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். பழைய மீன்பிடி ரீல்களைக் கழற்றிச் சரிசெய்வது. மலையும் கோயிலுமாக இருக்கிற ஊரில் இது என்ன வேலை என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. ஆனால் சாத்தனூர் அணை பக்கத்தில்தானே இருக்கிறது? சுற்றிலும் ஏரிகள் வேறு. வெளிநாடு போனவர்கள் ஆசையாக வாங்கி வந்த ரீல்கள் என்றாவது ஒருநாள் மக்கர் பண்ணும். பண்ணினால் என்னிடம் வரும்.

"இன்னா சார், ஓடுமா?"

கைப்பிடியைச் சுற்றினேன். கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் வழுக்கல். திறந்து பார்த்தால், உள்ளே இருந்த சின்னப் பித்தளைப் பல்சக்கரம் மொழுக்கென்று தேய்ந்துபோயிருந்தது. கைப்பிடியின் சுற்றை, தூண்டிலின் தங்கூஸ் நரம்பு சுற்றும் பக்கத்துக்குக் கடத்துவதே அதுதான். அது இல்லாவிட்டால் ரீல் வெறும் இரும்பு.

"இது மட்டும் கெடைச்சா போதுங்க" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

சென்னையில் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். அந்த மாடலைத் தயாரிப்பதையே எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். ஆன்லைனில் ஒன்று கிடைத்தது. வந்து சேர்ந்ததைப் பார்த்தால் வேறு மாடலுடையது — பல்லே பொருந்தவில்லை. டவுனில் ஒரு லேத் பட்டறைக்காரர் சக்கரத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்மாம் சின்ன பல்ல சாய்வா வெட்டறதுக்கு நம்மகிட்ட மிஷின் இல்ல சார்" என்று கொடுத்துவிட்டார்.

ஏழுமலையிடம் சொன்னேன்.

"இதே ரீலு இன்னொண்ணு இருக்குது சார். கீழ்பென்னாத்தூர்ல... எங்க தம்பிகிட்ட. ஜோடியா வாங்கியாந்தேன்."

"அப்புறம் என்னங்க? ஒரு போன் போடுங்க."

"பேச்சுவார்த்தை இல்ல."

கதை மெல்ல வந்தது. தம்பி பெயர் பாண்டுரங்கன். ஞாயிற்றுக்கிழமையானால் அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் சாத்தனூர் போவார்கள். ஏழுமலையின் ஒரே பெண் வேறு சாதிப் பையனை விரும்பினாள். அப்பா முடியாது என்றார். பதிவுத் திருமணத்தில் அவளுக்காகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் சித்தப்பா பாண்டு. அன்றோடு பெண்ணும் போனாள், தம்பியும் போனார்.

"நீங்க போயி கேளுங்க சார். நான் கேட்டேன்னு சொல்லாதீங்க."

போனேன். கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் பாண்டு பம்ப்செட் சாமான் கடை வைத்திருக்கிறார். ரீல் மாடலைச் சொன்னதுமே அவர் முகம் மாறிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது? அந்த ரீல் இந்த ஜில்லாவில் இரண்டே பேரிடம்தான் இருக்கிறது.

"எங்கண்ணன் அனுப்புனாரா?"

நான் கல்லாமேல் கிடந்த ஒரு வாஷரை எடுத்துப் பார்த்தேன்.

"அவரு வாயால ஒரு தபா பாண்டுன்னு கூப்புடட்டும் சார். ரீலு இன்னா, என் கையவே கழட்டித் தர்றேன்."

அதை அப்படியே கொண்டுபோய் ஏழுமலையிடம் சொன்னேன். அவர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"கையெழுத்து போடப் போனானே... அன்னிக்கி என்னை ஒரு வார்த்த கேட்டானா?"

ரீலை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்கம் போகும்போது பார்ப்பேன். பகல் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து, சரக்கெடுக்க டவுனுக்கு வந்த பாண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அவருடைய ரீல்.

"கழட்டிக்கங்க."

"எடுத்துட்டா அப்புறம் உங்களுது ஓடாதுங்க. வேற பார்ட்ஸும் கெடைக்காது."

"தெரியும் சார். அண்ணன் வூட்டவுட்டு வெளியவே வர்றதில்லியாம். பொண்ணு போன்ல சொல்லி அழுவுது. அவங்கம்மா அதுகிட்ட ரகசியமா பேசறாங்க." வாசற்படியில் நின்றபடியே சொன்னார். "நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அண்ணன் சொன்ன அதே வார்த்தை!

பாண்டு விட்டுப்போன ரீலிலிருந்து சக்கரத்தைக் கழற்றி அன்று மதியமே மாற்றிவிட்டேன். பழைய கிரீஸைச் சுரண்டி, கழுவி, புதுசு வைத்து, மூடினேன். சுற்றினால் சத்தமே இல்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு வேலை இத்தனை திருப்தியாக முடிந்தது. சந்தோஷமாக ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

வந்தார். கைப்பிடியைச் சுற்றினார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இன்னொரு முறை சுற்றினார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"எங்க கெடைச்சுது?"

நான் கிரீஸ் துடைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அவன்து இனிமே ஓடாதில்ல?"

"ஓடாது."

ரீலை மெதுவாக மேஜைமேல் வைத்தார். "அவன்கிட்டயே குடுத்துடுங்க சார். அவன்துல இருந்து புடுங்கி நான் மீன் புடிக்கணுமா? சின்ன வயசுலேர்ந்து அவனுக்குத்தான் இதுல ஆசை ஜாஸ்தி."

"நீங்களே போய்க் குடுங்களேன். நானும் கூட வர்றேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கேட்டைச் சாத்தும்போது கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கீழ்பென்னாத்தூர். என் ஸ்கூட்டர் நின்றதும் பாண்டு கடையைவிட்டு வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"அவரு வர்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன். ரீலை நீட்டினேன், அண்ணன் சொன்னதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஒரு விரலால் கைப்பிடியை லேசாகத் தள்ளிவிட்டார். அது சத்தமில்லாமல் சுற்றி நின்றது.

"சூப்பரா ஓடுது சார். எங்கண்ணனோடது. எனக்கெதுக்கு?"

வாங்கவே இல்லை. கஸ்டமர் வந்துவிட்டார் என்று உள்ளே போய்விட்டார். கடையில் கஸ்டமர் யாரும் இல்லை.

ஆக, பார்ட்ஸ் கிடைத்தும் அந்த ரீல் என் வீட்டில்தான் கிடக்கிறது. கிரீஸ் இறுகிவிடக் கூடாதே என்று அவ்வப்போது எடுத்துச் சுற்றிவிடுகிறேன். ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்த சாமான். இத்தனை பிரியம் வைத்திருப்பவர்களுக்கு எதிரே போய் நிற்பது மட்டும் ஏன் முடியவில்லை? எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் சொல்லுங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூருக்கு அரை மணி நேரம்தான்... பஸ்ஸும் நிறைய இருக்கிறது.