காயாத பாவாடை

போன மாதம் மகள் எஸ்தரோடு காரில் திருவாரூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தபடி அவள் ஓட்டுவதில் குறை கண்டுபிடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் பழைய ஊரைத் தாண்டுகிற இடத்தில், ரோட்டுக்குக் கீழே வெறும் தரையில் ஒரு குச்சி நட்டிருந்தது. குச்சியின் முனையில் ஒரு சிவப்புத் துணி. என்னையறியாமல் "நிறுத்து, நிறுத்து!" என்று கத்திவிட்டேன். முறுக்கெல்லாம் மடியில் கொட்டியது.

"என்னம்மா, ஆடு கீடு குறுக்க வந்துச்சா?"

"செவப்புத் துணி நட்டிருக்கு பாரு."

"பிளாட் போட அளந்து வச்சிருக்காங்கம்மா. அதுக்குப் போயி இந்தக் கத்தா கத்துவ?"

கேட்டதுதான் கேட்டாள், வேறு யாராவது கேட்டிருந்தால் சும்மா விட்டிருப்பேன். இதே இடத்தில் ஒரு காலத்தில் ஒரு லாரி நிறைய ஆட்களை இறங்கவிடாமல் நிறுத்தி வைத்ததே இவளுடைய பாவாடைதான். அவளுக்கு அது நினைவில்லை. அப்போது அவள் இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. நான் கதவைத் திறந்து இறங்கினேன். இறங்கியதும் மூக்கு தானாகவே யூரியா வாடையைத் தேடியது.

யூரியா வாடைக்கும் தையல் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் மிராசுதார் ரோட்டோரம் உர மூட்டை போட்டு வைக்க ஒரு கொட்டகை கட்டியிருந்தார். அதில்தான் என் கடை. எத்தனை முறை சாணம் தெளித்தும் அந்த வாடை போகவே இல்லை. எனக்கு இன்றைக்கும் உரக்கடையைத் தாண்டும்போது வயிற்றுக்குள் ஒரு குதூகலம் வரும். சம்பாதிக்கப் போகிற வாடை அது.

கடை வைத்த கதையைச் சொல்லாமல் பாவாடைக் கதையைச் சொல்ல முடியாது. தரங்கம்பாடியில் விடுதியில் தங்கிப் படித்தபோது தையல் கற்றிருந்தேன். கல்யாணமாகி வந்த வீட்டில் எல்லாரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள், நானும் போனேன். நடவு நாளில் எஸ்தரை வரப்பு மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு இறங்குவேன். ஒருநாள் நாத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தால், பிள்ளை முகமெல்லாம் முசுறு எறும்பு ஏறிக் கடித்து வீங்கிக் கிடக்கிறது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் கண் பார்க்கிற இடத்தில் பிள்ளை இருக்க வேண்டும், அந்த இடத்திலேயே என் கை வேலை செய்ய வேண்டும். இரண்டாவதாக சாமுவேல் பிறந்ததும் பசுவையும் கன்றையும் விற்றேன், காதில் கிடந்த தோட்டையும் கழற்றினேன். என் வீட்டுக்காரர் ரைஸ் மில்லில் இன்ஜின் ஓட்டுகிறவர். "கடன் மட்டும் வேணாம். இருக்கிறத வச்சுப் பாப்போம், விழுந்தா நம்மளோட போவும்" என்றார். அவர் எப்போதும் தைரியம் சொல்வதே இந்த மாதிரிதான்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போக இருந்த ஒரு தையல்காரரிடம் பழைய மிதி மிஷினை வாங்கினோம். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றி வந்தபோது, இரண்டு பிள்ளைகளையும் அவரிடம் கொடுத்துவிட்டு மிஷினை நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேனாம். அவர் சாகும்வரை இதைச் சொல்லிக் காட்டினார்.

மிராசுதார் வீட்டு அம்மாவுக்கு என் தையல் பிடித்துப் போனது. அதனால்தான் கொட்டகை கிடைத்தது. வாடகைக்குப் பதிலாக அந்த வீட்டுத் துணியெல்லாம் நான் தைத்துத் தர வேண்டும். கொட்டகைக்குப் பின்னால் அவர்களுடைய வயல், ஓரத்தில் வாய்க்கால். வேறென்ன வேண்டும்! உத்தரத்தில் தூளியைக் கட்டினேன். என் வீட்டுக்காரர் இன்ஜின் மூளையைக் கொஞ்சம் செலவழித்து, தூளியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்து மிஷினின் மிதிப்பலகையில் கட்டிவிட்டார். நான் மிதித்தால் தையலும் ஓடும், தூளியும் ஆடும். பிரமாதம் என்று குதித்தேன். அதில் ஒரு வில்லங்கம் இருந்தது பிறகுதான் தெரிந்தது. மிஷின் நின்றால் பிள்ளை விழித்துக்கொள்ளும். பட்டன் கட்டும்போதும் துணி வெட்டும்போதும் ஒரு காலால் வெறும் மிஷினை மிதித்துக்கொண்டே இருப்பேன். ரோட்டில் போகிறவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியுமா? "எந்நேரமும் மிஷின் ஓடுதே, நல்ல வேலை போல" என்று பேசிக்கொண்டார்கள். அப்படியே வந்து சேர்ந்தவர்கள்தான் என் முதல் வாடிக்கைக்காரர்கள். என்னுடைய வியாபார விளம்பரம் மொத்தத்தையும் சாமுவேல் தூளியில் படுத்தே பார்த்துக்கொண்டான்.

ஆட்சி மாறி ஊரெங்கும் கொடிக்கம்பம் முளைத்த காலம் அது. ஆளுங்கட்சிக்காரர்கள் கறுப்பும் சிவப்புமாகக் கொடி கேட்டார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர் மாசிலாமணி, மாநாட்டுக்கென்று ஒரு கட்டுத் துணியைத் தலையில் சுமந்து வந்து போட்டார். எல்லாம் செங்கொடி. எதிரும் புதிருமான கட்சிகள் என் கடையில் ஒரே நூல்கண்டில் தைபட்டன. நான் யாரையும் கேள்வி கேட்கவில்லை. வேலை வருகிறது, வேலை வருகிறது என்று ராத்திரி படுக்கையில்கூட என் கால் மிதித்துக்கொண்டிருந்தது.

கொடி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து எஸ்தருக்கு ஒரு பாவாடை தைத்தேன். நாடா வைத்து, கீழே இரண்டு மடிப்பும் வைத்தேன். அதைக் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தாள். தை மாதம் சம்பா அறுப்பு சமயத்தில் வாய்க்கால் சேற்றில் உட்கார்ந்து அதை நாசமாக்கிக்கொண்டு வந்தாள். துவைத்தேன். கொடித் துணி சாயம் போகும், வெள்ளைக்குப் பக்கத்தில் போனால் வெள்ளை அவ்வளவுதான். கொட்டகைக்குப் பின்னாலிருந்த கயிறு முழுக்க மிராசுதார் வீட்டுத் துணி. அவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேருடைய பட்டு ஜாக்கெட்டும் என் கையில். உள்ளே வைத்துத் தைக்கிற வெள்ளைத் துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சுருங்கி ஜாக்கெட்டைக் கெடுத்துவிடும். ஆகவே பாவாடையைத் தூரமாக எடுத்துப்போய், ஆடு விரட்டுகிற மூங்கில் கழியை வயல் வரப்பில் ஊன்றி, அதன் முனையில் மாட்டிவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். கூலித் தகராறு தீராத வயலில் சங்கம் செங்கொடி நட்டுவிட்டால், அதில் வேறு ஆள் இறங்கி அறுக்கக் கூடாது. போலீஸ் வந்தாலும் இறங்க யோசிப்பார்கள். அந்த வருஷம் எங்கள் ஆட்கள் அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டிருந்தார்கள். மிராசுதார் மசியவில்லை, வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவருகிறார் என்று பேச்சு. சங்கம் கொடி நடுவதா பேசிப் பார்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அந்தக் காலையில் சாயம் ஒன்றுதான் மண்டையில் இருந்தது.

எஸ்தர் வெறும் ஜட்டியோடு உள்ளே ஓடிவந்தாள். "அம்மா, எம் பாவாடைய எல்லாரும் பாக்குறாங்க!"

வெளியே வந்து பார்த்தேன். ரோட்டில் லாரி. அரிவாளோடு வந்த வெளியூர் ஆட்கள் யாரும் இறங்கவில்லை. மார்கழிக் குளிர்காற்று தையிலும் மிச்சமிருந்தது, அதில் பாவாடை விரிந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காரியஸ்தர், அதாவது மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்கிறவர், சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மாசிலாமணியோடு மல்லுக்கு நிற்கிறார். "பேசிக்கிட்டிருக்கும்போதே கொடி நடுறதா? இதான் உங்க நியாயமா?" மாசிலாமணிக்கு யார் நட்டது என்றே தெரியாது. தன் ஆட்களில் எவனோ அவசரப்பட்டுவிட்டான் என்று நினைத்திருக்கிறார். விட்டுக்கொடுப்பாரா? "நட்டது நட்டதுதான்யா!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். எங்கள் தெருவே திரண்டு வந்துவிட்டது. அறுப்பு போனால் வருஷச் சோறு போச்சு என்று என் அண்ணன் மனைவி ரூத்து அண்ணி முன்வரிசையில் நின்றாள்.

நல்லவேளையோ கெட்டவேளையோ, எஸ்தர் உரக்கச் சொல்லிவிட்டாள்: "அது எம் பாவாடை!"

ரோடே சிரித்தது. காரியஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, உன் வேலையா இது? போயி எடு. எடுத்துட்டா ஆளு எறங்கும். இல்லேன்னா இன்னைக்கே கடையக் காலி பண்ணிக்க."

லாரியில் வந்த மேஸ்திரியும் தலையாட்டினார். "பெத்தவங்க கையால எடுக்கட்டும். வேற யாரு தொட்டாலும் நாங்க எறங்க மாட்டோம்ங்க." அவரும் கூலிக்காரர்தானே, கண்ணில் ஒரு குறும்பு இருந்தது.

மிஷின் நின்றுவிட்டதால் உள்ளே சாமுவேல் வீறிட்டான். ஓடிப்போய் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். அந்தக் கொட்டகைக்காகப் பசு, கன்று, தோடு எல்லாம் போயிருந்தது. பாவாடையை எடுத்தால் கடை நிற்கும், ரூத்து அண்ணி வீட்டில் உலை கொதிக்காது. எடுக்காவிட்டால் இரண்டு பிள்ளைகளோடு நான் மறுபடி நடவு வயலில். பாவாடையைத் தொட்டேன். சொட்டச் சொட்ட ஈரம், விரலெல்லாம் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்ததும்தான் எனக்கு வாய் வந்தது.

"ஈரமா இருக்குங்கய்யா. இப்ப இத உள்ள கொண்டுபோனா அம்மாவோட ஜாக்கெட்டுத் துணியெல்லாம் செவப்பாயிரும். காஞ்சதும் நானே எடுத்துடுறேன்."

மிராசுதாரைக் காரியஸ்தரால் சமாளிக்க முடியும். அறுபதாம் கல்யாணத்துக்குச் சிவப்புச் சாயம் ஏறிய ஜாக்கெட்டோடு அந்த அம்மாவை யாரால் சமாளிக்க முடியும்?

மாசிலாமணி பிடித்துக்கொண்டார். "சரி, காயிற வரைக்கும் பேசுவோம்." மதகுக் கட்டையில் உட்கார்ந்தார்கள். மிராசுதாரும் வந்து சேர்ந்தார். வெயில் ஏறியது. தை வெயிலுக்கு அந்தச் சின்னப் பாவாடை எவ்வளவு நேரம் தாங்கும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அப்போது ரூத்து அண்ணி வாய்க்காலில் கால் கழுவப் போனாள். திரும்பும்போது கை நிறையத் தண்ணீரோடு பாவாடையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தி முகம் கழுவப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் அன்றைக்கு ஒரே அழுக்கு, மாற்றி மாற்றிக் கழுவினார்கள். காரியஸ்தர் நடுவில் எழுந்துவந்து இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதென்ன துணிம்மா, காயவே மாட்டேங்குது" என்றார். "கொடித் துணிங்கய்யா, கெட்டி நெசவு" என்றேன். லாரிக்காரர்களுக்கு அண்ணி நீர்மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது.

பொழுது சாயும்போது லாரி திரும்பிப் போனது. கேட்ட அரை மரக்காலும் கூலியில் கூடியது. மறுநாள் எங்கள் ஆட்களே அறுத்தார்கள். என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்து கேட்டுவிட்டு, "தச்சது போதாதுன்னு நட்டும் வச்சிட்டியா?" என்றார். சொல்லிவிட்டு எஸ்தரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் ஒரு சுற்று சுற்றினார்.

கடை? ஜாக்கெட்டு பாதி வெட்டிய நிலையில் இருந்ததால் என்னை உடனே தொட முடியவில்லை. திருக்கடையூர்க் கல்யாணம் முடிந்து அவர்கள் வந்ததும் கொட்டகையில் பூட்டு தொங்கியது, மிஷினை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அழுதேன். அழவில்லை என்று வீம்புக்குச் சொல்ல மாட்டேன், மிஷினைக் கட்டிக்கொண்டு அழுதேன். ரூத்து அண்ணிதான், "எந்திரி, அழுற நேரத்துக்கு ரெண்டு ரவிக்க தைக்கலாம்" என்று அதட்டினாள். அறுப்பு முடித்த பெண்கள் மிஷினைத் தலைமாற்றித் தலைமாற்றிக் கடைத்தெருவுக்குச் சுமந்தார்கள். மேசைப் பலகையை ஒருத்தியும் இரும்புச் சட்டத்தை நாலு பேருமாக எடுத்து வர, நான் தூளியைச் சுமந்தேன். டீக்கடைக்குப் பின்னால் ஒரு அறை பிடித்தோம். முதல் நாளே வாசலில் கூட்டம். எல்லாருக்கும் பெண் பிள்ளைக்குப் பாவாடை வேண்டுமாம், அதுவும் அதே சிவப்பில்தான் வேண்டுமாம். அந்தப் பங்குனியில் எங்கள் தெருப் பெண் பிள்ளைகள் எல்லாம் சிவப்பாக ஓடித் திரிந்தார்கள். எந்த வேலியில் எது காய்ந்தாலும் காரியஸ்தர் சைக்கிளை விட்டு இறங்கி உற்றுப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். பிறகு மிஷின் பெருகியது, கடை பெருகியது, பிள்ளைகள் படித்தார்கள். அதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

எஸ்தர் ஹாரன் அடித்தாள். நான் கேட்காத மாதிரி குச்சியை நோக்கி நடந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். வாய்க்காலைத் தூர்த்து மேலே சரளை கொட்டியிருந்தது. அறுப்புக்கு இப்போது மெஷின் வருகிறது, அதுவும் இந்த வயலுக்கு இனிமேல் வர வேண்டியதில்லை. ரூத்து அண்ணி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று.

துணியைத் தொட்டுப் பார்த்தேன். மொடமொடவென்று காய்ந்திருந்தது. விரலில் சாயம்கூட ஒட்டவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் மேல் ஊற்றினேன். கொஞ்ச தூரத்தில் ஒரு பொக்லைன் மண்ணை நிரவிக்கொண்டு வந்தது. அதை ஓட்டிய பையன் என்னைப் பார்த்துச் சிரித்து, பாட்டி ஓரமாகப் போங்கள் என்று கையைக் காட்டினான். வண்டியை நிறுத்தவில்லை.