பச்சைக் கேட் வீட்டில் நான் இருந்த பகல்கள்

மிலிட்டரியில் இருந்துவிட்டு வந்தவன் பேய்க்கதை எழுதுகிறான் என்றால் யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை. "சண்டைக்கதை எழுதலாமே அண்ணாச்சி" என்பார்கள். சண்டைக்கு நான் எங்கே போவேன்? என் சர்வீஸில் முக்கால்வாசி காவலுக்கு நின்றதுதான். ஒரே மரத்தை நாலு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றால், அது நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அதை முகாமுக்கு வந்து கொஞ்சம் கைகால் வைத்துச் சொன்னால், நம்மூர்ப் பயல்கள் நாலு பேரும் போர்வையை இழுத்துக்கொண்டு நெருங்கிப் படுப்பார்கள். எழுத்தெல்லாம் அப்படி வந்ததுதான். படித்து வந்ததில்லை.

பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்து மூன்றாம் வருஷம் என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தாள். மகள் கோயம்புத்தூரில். வண்ணார்பேட்டையில் மாடி வீடு ஒன்றில் தனியாக இருக்கிறேன். கீழே பஸ் இரைச்சல் ஓயாது, மேலே பேச ஆள் கிடையாது. மாத நாவல் போடுகிற ஒருவருக்குக் கதை எழுதி அனுப்புவேன். எத்தனை பேர் படித்தார்களோ, எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: பாளையங்கோட்டையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சார்வாள். கதை அச்சுக்குப் போகுமுன் சிவப்புப் பேனாவோடு உட்காருவார்.

"ஏன் வே, உம்ம பேய்க்கு ஒற்று மிகாதா?" என்பார். "பயமுறுத்துததுக்கு முன்னால பிழையில்லாம பேசச் சொல்லும்."

வாரத்தில் மூன்று நாள் அவர் வீட்டில்தான் என் சாயங்காலம். பேசிச் சிரித்துவிட்டு வந்தால் மறுநாள் வரைக்கும் தாங்கும்.

போன வருஷம் அவர் மகனைப் பார்க்க பெங்களூர் போய் ஒரு மாதம் தங்கினார். அந்த மாதக் கதையை அவர் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். கதைக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. நான் காலையில் நடக்கப் போகும் வழியில் வாய்க்கால் ஓரம் ஒரு வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. சார்வாளுடைய அக்கா இருந்த வீடு. அந்தம்மா கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் டீச்சர் வேலை பார்த்தவர், அங்கேயே இருந்து அங்கேயே காலமானார். நான் எடுத்தது வீட்டை மட்டும்தான். கிணற்றடியில் வந்து நிற்கிற பெண் என் கற்பனை. சத்தியமாகச் சொல்லுகிறேன்.

ஆனால் பழக்கம் விடவில்லை. ராணுவத்தில் ஓர் இடத்தைச் சொன்னால், கேட்டவன் இருட்டில் தடவிக்கொண்டாவது அங்கே போய்ச் சேர வேண்டும். அப்படித்தான் முப்பது வருஷம் ரிப்போர்ட் எழுதினேன். கதையிலும் எழுதிவிட்டேன்: வாய்க்கால் பாலம் இறங்கி இடதுபக்கம் முப்பத்திரண்டு எட்டு நடந்தால் பச்சைக் கேட், கேட்டில் மூன்றாவது கம்பி வளைந்தது, உள்ளே கிணறு, பக்கத்தில் பவளமல்லி.

கதையைப் படித்தவர்களுக்கு அவ்வளவு போதும். செல்போனோடு வந்து கேட்டைப் படம் பிடித்தார்கள். தெருக்காரர்கள் கிணற்றடிப் பெண்ணுக்குப் பேரும் வைத்துவிட்டார்கள். அந்த வீட்டில் அவர்கள் கண்ட பெண் ஒருத்திதானே? "டீச்சரம்மா நிக்காங்களாம்" என்று ஆகிவிட்டது. அங்கே வாடகைக்குக் குடிவருவதாக இருந்த நர்ஸம்மா வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

சார்வாள் ஊர் திரும்பியதும் நான் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நாவலை மேஜையில் வைத்திருந்தார். சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை.

"பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, ஆண்டவர்கிட்ட போயிட்டாங்கன்னு எங்க அக்காவ அடக்கம் பண்ணுனோம் வே. நீரு திரும்பக் கூட்டிட்டு வந்து கிணத்தடில நிறுத்திட்டீரே."

"சார்வாள், நான் அவங்கள நெனச்சு எழுதல..."

"அது எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியுமா?"

அதன்பின் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் வீட்டம்மாதான் வந்து, "படுத்திருக்காங்க" என்றார். நாலாவது தடவை அவரைக் கேட்கவில்லை, அந்த வீட்டுச் சாவியைக் கேட்டேன். "நான் பகல் முழுக்க கதவைத் திறந்து போட்டு அங்க இருக்கேன். எல்லாரும் பாக்கட்டும்." வீட்டம்மா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சாவியைக் கையில் வைத்தார்.

காலை ஒன்பது மணிக்குப் போவேன். கூட்டித் தண்ணீர் தெளித்து, தெருவைப் பார்த்து நாற்காலி போட்டு உட்காருவேன். பயம் யாருக்கு இருந்ததோ, எனக்கு இருந்தது வேறு. இங்கேயும் பேச ஆளில்லை. காகிதத்தை மடியில் வைத்தாலும் ஒரு வரி ஓடாது. முதல் வாரம் ஜனங்கள் எதிர்ச்சாரியிலேயே போனார்கள். கீரைக்காரம்மாதான் முதலில் கேட்டில் நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, பேயி வந்துச்சா?"

"வரக் காணோம்மா. வந்தா ஒரு காப்பி போடச் சொல்லலாம்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நீங்க இங்கன உக்காந்திருந்தா அது எப்பிடி வரும்? கதை எழுதி அச்சுல போட்டுருவீயன்னு அதுக்கும் பயம் இருக்காதா?"

அவள் சிரித்தது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மறுநாளிலிருந்து ஆட்கள் இந்தச் சாரியில் நடந்தார்கள். ஒருத்தர் பேப்பர் கொண்டுவந்து கொடுத்தார். டீச்சரம்மா தன் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒரு தாய் சொல்லிவிட்டுப் போனாள். "கையில ஸ்கேல் இருக்கும், அடிச்சதே கெடையாது" என்றாள். மூன்றாம் வாரம் நர்ஸம்மா அவராகவே வந்தார். அடுப்படியைப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணாம் தேதி பாலு காய்ச்சுதோம் அண்ணாச்சி" என்றார்.

சேதி போய்ச் சார்வாளே வந்தார், சாவி வாங்க. அக்கா போனபின் அவர் அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு அறையாகப் போனார். கிணற்றடியில் ரொம்ப நேரம் நின்றார். பவளமல்லிப் பூ கிடந்ததைக் காலில் படாமல் ஒதுங்கி வந்தார். நான் நாற்காலியை மடக்கிக்கொண்டு காத்திருந்தேன். மன்னித்தேன் என்று ஒரு சொல் சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது.

வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"மூணு வாரம் இருந்திருக்கீரு. ஒண்ணுமே தெரியலையா வே? ஒரு சத்தம்கூட?"

அவர் கேட்டது பேயை இல்லை, அக்காவை என்று விளங்க எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. எத்தனை பேய்களை எழுதினவன் நான். கொலுசு, கிணற்றுச் சகடை உருளுகிற சத்தம், பெருமூச்சு என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஒருவேளை என்னையும் கூட அழைத்துப் போயிருப்பார்.

"இல்ல சார்வாள். ஒண்ணும் இல்ல."

தலையை ஆட்டினார். "அப்பச் சரி. நல்லதுதான்" என்று கதவைச் சாத்தினார். சாவியை வாங்கிப் பூட்டப் பார்த்தார், துவாரத்தில் நுழையவில்லை. நான் வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பாலத்துப் பக்கம் பைய நடந்தார்.