மருதமுத்து அண்ணனின் முந்திரி மெஷின்

மருதமுத்து அண்ணன் இன்று காலை போய்விட்டார். அவர் மகள் போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை... பயம்தான் வந்தது.

எழுபதுகளின் கடைசி. ஜெயங்கொண்டத்தில் ஒரு பட்டறையில் அவர் லேத் ஓட்டினார், நான் டிராயிங் போட்டேன்.

அண்ணி முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார். கொட்டைத் தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டுக் கைத்தோல் உரிந்து, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிடுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அண்ணன் அந்த மெஷினைச் செய்தார். கொட்டையை மேலே போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் போதும், தொடவே வேண்டாம்.

படம் வரைந்தது நான்.

அப்புறம்தான் அந்த ரிஜிஸ்டர் தபால் வந்தது, உறை மேலே ஒரு வக்கீல் பெயரோடு. "கையெழுத்துப் போட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்டா" என்று அண்ணன் தபால்காரரைக் கண்டு இரண்டு தடவை பின்பக்கமாக ஓடினார். நானும் கூடவே ஓடினேன், சிரிக்காதீர்கள். பதில் சொல்ல வேண்டிய கெடு அதிலேயே முடிந்துபோனது.

மூன்றாம் தடவை வாங்கிப் பிரித்தோம். வெளியூர்க் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ். முந்திரிக்கொட்டை உடைக்கிற மெஷின் எப்படி இயங்கினாலும் அது அவர்கள் பேட்டன்டில் அடக்கமாம்.

"அவுங்களது கால்ல மிதிக்கிறது. நம்மளது கையால சுத்துறது. இது எப்புடிடா அவுங்களோடது ஆவும்?"

கோர்ட், ஜெயில்... அது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடியது. டிராயிங்கின் மூலையில், 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் என் பெயர் வேறு.

"உடைச்சுடுங்கண்ணே" என்றேன்.

மறுவாரம் கம்பெனி ஆள் ஜீப்பில் வந்து இறங்கினார். நான் வெல்டிங் ஷெட்டுக்குள் ஒளிந்துகொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

"யாருய்யா இதை வரைஞ்சது?"

"நாந்தாங்க சார். மெஷினயும் உடைச்சுப் போட்டுட்டேன், பாருங்க."

அண்ணன் நீட்டிய டிராயிங்கில் என் பெயர் இருந்த மூலை கிழிக்கப்பட்டிருந்தது.

அண்ணி மறுநாளும் கொட்டை உடைக்கப் போனார். அதன் பிறகும் பல வருஷம் போனார். அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

உடைக்கச் சொன்னது நான் என்று அண்ணிக்கு இன்றுவரை தெரியாது. நாளை எடுக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும், அண்ணியின் அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும்.

நான் இங்கே எழுதுவதை அண்ணன் மகள் படிப்பாள். நான் வருவதற்குள் அம்மாவுக்கும் படித்துக் காட்டிவிடட்டும்.

போயிட்டு வாங்கண்ணே.